வேலி வரைக்கும் புல்

ஏலகிரி அடிவாரத்தில் உமையாள் அம்மை என்றொரு குரு இருந்தார். வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் சிவக்கொழுந்துக்கு அறுபத்தாறு. ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருவரும் கண்டுகொள்வதில்லை.

சிவக்கொழுந்து மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் புல்தரை. அதை வெட்ட, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன டிராக்டர் ஒன்று வாங்க நினைத்தார். நான்கு மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தார். பிளேடு எத்தனை அங்குலம், மேட்டில் ஏறுமா, ஈரத்தில் வழுக்குமா என்று ஒரு நோட்டு நிறைய எழுதியாகிவிட்டது. இன்று ஒன்றை முடிவு செய்வார். நாளை அதில் ஒரு குறை கண்டுபிடிப்பார். இதற்குள் மழை பெய்து புல் முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

ஒரு காலையில் நோட்டும் கையுமாகக் குருவிடம் போனார்.

"அம்மா, மூணு மாடல்ல வந்து நிக்குது. எதை வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு டிராக்டரைப் பத்தி என்னங்க ஐயா தெரியும்?"

"தப்பா வாங்கிடுவேனோன்னு பயமா இருக்கும்மா. சரியாத் தூங்கியே நாளாச்சு."

அம்மை நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தார். பாவம், எழுத்து அவ்வளவு பொடி. பிறகு, வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவரோடு கிளம்பினார்.

பின்வாசலில் சிவக்கொழுந்தின் மனைவி கோதை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். கைத்தடி பக்கத்தில் இருந்தது.

அம்மை புல்லைப் பார்த்தபடி கேட்டார்.

"டிராக்டர் வந்ததும் முதல்ல எந்த இடத்துல வெட்டுவீங்க?"

சிவக்கொழுந்து நோட்டைப் புரட்டினார். அது மட்டும் அதில் இல்லை.

"வேலிப் பக்கம்," என்றார் கோதை.

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு எஸ்தருடையது. இருபது வருஷமாகச் சாயங்காலமானால் கோதையும் எஸ்தரும் வேலியோரம் நின்று பேசுவார்கள். புல்லில் விரியன் பாம்பைப் பார்த்த நாளிலிருந்து கோதை இறங்கவில்லை. சாலை வழியாகப் போனால் எஸ்தர் வீட்டுக்கு முப்பது படி. இரண்டு பேர் காலுக்கும் அது ஆகாது. எஸ்தர் மகனோடு இருக்க ஓசூருக்கே போகிறார். நாளைக் காலையில் வண்டி வருகிறது.

சிவக்கொழுந்துக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்கிட்ட ஏன் கோதை சொல்லல?"

"சொன்னேங்க. டிராக்டர் வந்துடும்னீங்க."

அம்மை இரண்டு அரிவாளும் ஒரு நீளக் கம்பும் கேட்டார். கம்பால் தரையைத் தட்டித் தட்டிப் பாம்பை விரட்டிக்கொண்டு, பின்வாசலிலிருந்து வெட்ட ஆரம்பித்தார். சிவக்கொழுந்தும் குனிந்தார். ஒரு ஆள் நடக்கிற அகலம், அறுபதடி நீளம். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. உச்சி வெயிலுக்குள் வேலியைத் தொட்டார்கள்.

கோதை தடியை ஊன்றி மெல்ல நடந்து போனார். அரிவாள் சத்தம் கேட்டு எஸ்தர் முன்பே வந்து நின்றிருந்தார். வேலிக்கு மேலே கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் அழுதார்கள். அழுது முடித்த கையோடு ஓசூர் மருமகளைப் பற்றிப் பேசிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்ததும் சிவக்கொழுந்துக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அப்பாடா என்று வெட்டிப் போட்ட புல்லின் மேலேயே உட்கார்ந்தார். நான்கு மாதத்தில் இப்படி மூச்சு விட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ டிராக்டர் வேண்டாமாம்மா?"

அம்மை அரிவாளைத் துடைத்து வைத்துவிட்டு, நோட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"யாரு வேண்டாம்னது? நிதானமாப் பார்த்து வாங்குங்க ஐயா. மீதிப் புல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் காத்துக்கிட்டு இல்ல."