சூசையப்பர் அசனத்து நெருப்பு

சூசையப்பர் திருநாள் தவக்காலத்தின் நடுவில் வரும். எங்கள் கடற்கரை ஊரில் அன்றைக்குக் கோயில் முற்றத்தில் ஊருக்கே சோறு போடுவோம். அதற்கு அசனம் என்று பேர். கறி, மீன் கிடையாது. சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, பாயசம். எண்ணூறு பேர் சாப்பிடுவார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக அதைச் சமைத்தவள் பிரகாசி. வயது நாற்பத்தாறுதான். சமையல்காரரை மாஸ்டர் என்பது வழக்கம், அவளையும் அப்படித்தான் கூப்பிட்டோம். கைமணத்தில் குறை சொல்ல முடியாது. வாயைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அவள் சண்டை போடாத வீடு ஊரில் இல்லை. சாமியாரிடமே இரண்டு தடவை சண்டை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அசனத்து அடுப்பைத் தீப்பெட்டியால் பற்றவைக்க மாட்டாள். திருநாளன்று விடிந்ததும் ஒரு மண்சட்டியோடு கிளம்பி, யாராவது ஒரு வீட்டில் நெருப்பு வாங்கி வருவாள். எந்த வீடு என்று சொல்ல மாட்டாள். கொடுத்தவர்களும் சொன்னதில்லை. ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அவளிடம் சமையல் கற்க வந்தவர் இன்னாசி. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் சமைத்தவர். அவருக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. செத்துப்போன அம்மா பேரில் ஒரு அசனம் தன் கையால் சமைக்க வேண்டும்.

"கப்பல்ல சமைச்சவருக்கு நான் என்னத்தச் சொல்லிக்குடுக்க?" என்றாள் பிரகாசி.

"கப்பல்ல இருவது பேரு. அதுவும் திட்டிக்கிட்டே தின்பானுவ. இது அசனம்லா."

மூன்று வருஷம் கூடவே நின்றார். தேங்காய் துருவினார், அண்டா கழுவினார். ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்வி.

"மாஸ்டர், நெருப்பு எங்க வாங்குறீய?"

"நீங்க சமைக்கிற வருஷம் தெரியும் அண்ணாச்சி."

நாலாவது வருஷம் திருநாளுக்கு முந்தின நாள் பூசை முடிந்ததும் பிரகாசி பெரிய கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். "நாளைக்கு நீங்கதான் மாஸ்டர்" என்றாள். இன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. கரண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "எங்கம்மா பாக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் நாங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். இன்னாசி அடுப்பில் விறகு அடுக்கினார். பக்கத்தில் பிரகாசியின் மண்சட்டி காலியாக இருந்தது. அவர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துப் பற்றவைத்தார். விறகு நன்றாகவே பிடித்தது.

பிரகாசி வந்தாள். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினாள்.

"மாஸ்டர்! என்ன செய்றீய? எண்ணூறு பேரு வருவாங்க!"

"வரட்டும்."

"விறகு நனைஞ்சிட்டே!"

"வேற விறகு இருக்கு. இது யாரு பேர்ல அசனம்?"

"எங்கம்மா பேர்ல."

"அம்மாவுக்குப் பிள்ளைய எத்தன?"

இன்னாசி குனிந்து நனைந்த விறகை வெளியே இழுத்தார். ஊருக்கே தெரிந்த கதைதான். பதினொரு வருஷத்துக்கு முன் அம்மா செத்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். தம்பி தொம்மை காத்திராமல் அடக்கம் செய்துவிட்டான். ஊருக்கு வந்த இன்னாசி கல்லறையில் நின்று, "இனி நீ எனக்குத் தம்பி இல்லலே" என்றார். அதோடு சரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு.

பிரகாசி காலிச் சட்டியை அவரிடம் நீட்டினாள். "போய் நெருப்பு வாங்கிட்டு வாங்க."

"எந்த வீட்ல?"

"எந்த வாசல்ல உங்களால நிக்க முடியாதோ, அங்க."

"அவன் தர மாட்டான்."

"அப்ப அசனம் இல்ல."

"ஊரு பட்டினி கிடக்கட்டுமா?"

"கிடக்கட்டும். தவக்காலம்தான?"

நாங்கள் உரிப்பதை நிறுத்திவிட்டோம். மணி ஆறே முக்கால். ஒரு மணிக்குப் பந்தி. இன்னாசி எங்களைப் பார்த்தார். பிறகு சட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

அங்கே நடந்ததைத் தொம்மையின் பெண்டாட்டி செலினா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

தொம்மை வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்தான். சட்டியைப் பார்த்தான்.

"என்ன வேணும்?"

"நெருப்பு. அசன அடுப்புக்கு. அம்மா பேர்ல."

தொம்மை வாயைக் கொப்பளித்தான். அதற்கே வெகுநேரம் ஆயிற்று.

"எங்க வீட்ல கேஸ் அடுப்புதான். கங்கு கிடையாது."

இன்னாசி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

"நில்லு. எங்க போற?" தொம்மை உள்ளே போய் நாலைந்து தேங்காய்ச் சிரட்டையை எடுத்துவந்தான். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, மேலே சிரட்டையை வைத்தான். "பிடிக்க நேரமாவும். உக்காரு."

இன்னாசி உட்காரவில்லை.

"உக்காருண்ணே."

அவர் உட்கார்ந்தார். சிரட்டை புகைந்தது. வீடெல்லாம் புகை. செலினா ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே தொம்மை சொன்னான். "ரெண்டு நாள் ஐஸ்ல வச்சிப் பாத்தேன். மூணாம் நாள் மொகம் மாற ஆரம்பிச்சிட்டு. அந்த மொகத்த நீ பாக்க வேண்டாம்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாம்லலே?"

"நீ கேட்டியா?"

இன்னாசி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். புகையாக இருக்கும் என்று செலினா முதலில் நினைத்தாளாம்.

சிரட்டை சிவந்ததும் தொம்மை இடுக்கியால் எடுத்துச் சட்டியில் போட்டான். இன்னாசி சட்டியோடு தெருவில் இறங்கினார். பத்தடி போனதும் பின்னால் சத்தம் கேட்டது. தொம்மை ஒரு பை நிறையச் சிரட்டையோடு வந்துகொண்டிருந்தான்.

"நீ எதுக்கு வாற?"

"வழியில அணைஞ்சிட்டா?"

அன்று பந்தி ஒரு மணி நேரம் தாமதம். முதல் இலையில் தொம்மை உட்கார்ந்தான். இன்னாசி சோறு போட்டார். "போதும், போதும்" என்று அவன் சொல்லச் சொல்லப் போட்டார். சாம்பாரில் உப்பு ஒரு கல் தூக்கல்தான். எண்ணூறு பேரும் வழித்துச் சாப்பிட்டோம்.

சாயங்காலம் அண்டா கழுவும்போது இன்னாசி பழைய கேள்வியைக் கேட்டார்.

"இப்பவாவது சொல்லுங்க மாஸ்டர். இத்தன வருஷம் நீங்க எந்த வீட்ல வாங்குனீய?"

"வருஷத்துக்கு ஒரு வீடு. எனக்கு வாய் கொஞ்சமா அண்ணாச்சி? வீட்டுக்குப் பஞ்சமே இல்ல."

"பெறவு ஏன் இந்த வருஷம் கரண்டிய எங்கிட்டத் தந்தீய?"

பிரகாசி அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"போன வாரமெல்லாம் ஊரச் சுத்திச் சுத்தி வந்தேன். என்னால நிக்க முடியாத வாசல்னு ஒண்ணுகூட மிச்சமில்ல."