வெட்டி எடுத்த பதினோரு மூச்சு

"எமிலி இதுல இல்ல டீச்சர்" என்றார் ஆசீர்வாதம்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ரூத் டீச்சருக்கு நாற்பத்தொன்று. பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவர். ஆசீர்வாதத்துக்கு மேற்கத்திய இசை எழுதக் கற்றுக்கொடுத்தவர். சிஷ்யர் டீச்சர் என்பார், குரு அண்ணே என்பார். தெருவே சிரிக்கும்.

மேசைமேல் ஆசீர்வாதத்தின் முதல் இசைத்தட்டின் மாதிரி இருந்தது. அதில் அவர் எழுதிய இரண்டே படைப்பு. ஒன்று நாலு பேர் வாசிப்பது, மற்றது முழு ஆர்கெஸ்ட்ரா. நாலு பேரில் முதல் வயலின் எமிலி, அவர் மனைவி. ஒலிப்பதிவு முடிந்த ஆறாம் வாரம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"நாளைக்கு அச்சுக்குப் போகுது. எத்தனை தரம் கேட்டாச்சு. எல்லாம் அவ வாசிச்சதுதான். ஆனா யாரோ ஒரு கெட்டிக்காரி வாசிக்கிற மாதிரி இருக்கு. அவ எங்க டீச்சர்?"

டீச்சர் இசைத்தட்டைப் போட்டார். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

நால்வர் இசை முடிந்தது.

"சுத்தமா இருக்கு அண்ணே. கழுவி விட்ட மாதிரி."

"கழுவத்தான் செஞ்சேன். ஒவ்வொரு ஆரம்பத்துலயும் மூக்கால மூச்சிழுப்பா. சர்ருன்னு கேக்கும். பதினோரு இடம். சவுண்டு என்ஜினீயர் சையதுகிட்ட சொல்லி வெட்டிட்டேன்."

"எமிலிகிட்ட கேட்டீங்களா?"

"ஜலதோஷக்காரி வாசிச்ச மாதிரி இருக்குன்னேன். சிரிச்சா."

அடுத்து ஆர்கெஸ்ட்ரா. முதல் ஒலிக்கு முன்னால் 'ஹூம்' என்று ஒரு மூச்சு கேட்டது.

டீச்சரின் கத்தி நின்றது.

"இது யாரு?"

"நான்தான். கைகாட்டி நடத்துனது நான்தானே."

"இதை வெட்டலையா?"

"கண்டக்டர் மூச்சு... அதுல ஒரு உயிர் இருக்குல்ல..."

பாதியிலேயே எழுந்துபோய் இசைத்தட்டை நிறுத்தினார்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, போன ஞாயித்துக்கிழமைப் பாட்டைப் பாடுவோம். கண்ணை மூடிக்கிடணும். ரெண்டு பேரும் ஒண்ணா எடுக்கணும்."

ஆசீர்வாதம் கண்ணை மூடினார். காத்திருந்தார். ஆரம்பித்தார். டீச்சர் ஆரம்பிக்கவில்லை.

"அவசரக் குடுக்கை. மறுபடி."

இந்த முறை டீச்சர் ஆரம்பித்துவிட்டார். ஆசீர்வாதம் பின்னாலேயே ஓடிப் போய்ச் சேர்ந்தார்.

"மறுபடி."

மூன்றாவது முறையும் தப்பியது.

"எப்ப எடுக்கப் போறீங்கன்னு எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு சத்தமும் காட்டாம இருந்தா?"

"கண்ணை மூடுங்க அண்ணே."

வெளியே ஒரு ஆட்டோ போய் ஓய்ந்தது.

மூடிய கண்ணின் இருட்டுக்குள் டீச்சர் மூச்சிழுக்கும் ஒலி கேட்டது. சர்.

இரண்டு குரலும் ஒரே குரலாக எழுந்தன.

ஒரு வரிதான். ஆசீர்வாதம் நிறுத்திவிட்டார். கண்ணைத் திறக்காமலே சட்டைப் பையில் போனைத் தேடினார்.

"சையது, அந்தப் பதினோரு துண்டு இருக்கா?"

"நீங்கதானே சார் தூக்கிப் போடச் சொன்னீங்க."

அவர் போனைக் காதிலிருந்து இறக்கப் போனார்.

"ஆனா எமிலி மேடம் வச்சிருக்கச் சொன்னாங்க சார். 'என்னைக்காவது கேப்பாரு'ன்னாங்க."

ஆசீர்வாதம் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"எல்லாத்தையும் பாட்டுல முன்ன இருந்த இடத்துலயே திரும்பச் சேத்துரு. இப்ப... முதல் துண்டை மட்டும் எனக்குப் போட்டுக் காட்டு."

"வெறும் மூச்சுதான் சார். பின்னால பாட்டு வராது."

"போடு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

சர்.

அவர் வாய் தானாகத் திறந்து முதல் சுரத்தைப் பாடியது. சரியான இடத்தில்.