செத்துப்போன சிப்

ஜமீலாவிடம் எலக்ட்ரானிக்ஸ் கற்க வந்தவர்களில் செல்லாண்டிக்குத்தான் வயது அதிகம். பஸ் ஓட்டுகிறவர். பொறுமை மட்டும் அவருக்கு ஆகாது. வண்டியிலும் அப்படித்தான் என்று பயணிகள் சொல்வார்கள்.

வீட்டில் குஞ்சு பொரிக்க வைத்திருந்த இன்குபேட்டரில் கோழிமுட்டைகளைத் தானாகத் திருப்பிவிட ஒரு சர்க்யூட் செய்திருந்தார். அதிலிருந்த சிப் ஓட ஒரு கடிகாரத்தின் துடிப்பு வேண்டும். அன்று காலை அதைத் தூக்கிக்கொண்டு வந்ததுமே கேட்டார்.

"டீச்சர், சிப்புக்குள்ளயே இருக்கற கடிகாரம் நல்லதுங்களா, வெளிய கிரிஸ்டல் வெச்சுத் தர்ற கடிகாரம் நல்லதுங்களா?"

டீ குடித்துவிட்டு வந்து சொல்வதாகச் சொல்லிப் போனார் ஜமீலா.

அந்த ஒரு டீக்குள் காரியம் கெட்டது. கிரிஸ்டல்தான் துல்லியம் என்று செல்லாண்டி எங்கோ கேள்விப்பட்டிருந்தார். இனி வெளிக் கடிகாரத்தின்படி நட என்று கம்ப்யூட்டர் வழியாகச் சிப்பில் எழுதிவிட்டார். கிரிஸ்டலை இன்னும் வாங்கவே இல்லை.

அதோடு சிப் வாயடைத்துப் போனது. கம்ப்யூட்டர் எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை.

ஜமீலா திரும்பி வந்தபோது மனிதர் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

"கொன்னுபோட்டனுங்க டீச்சர்."

வேறு சிப் கைவசம் இல்லை. வீட்டில் மனைவி பாவாயி முட்டைகளைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தாள். மாலையில் இருவருமே வேலைக்குப் போயாக வேண்டும். திருப்பாமலே விட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று புலம்பினார்.

ஜமீலா திட்டவில்லை. நன்றாக ஓடுகிற வேறொரு போர்டை எடுத்து, அதன் கடிகாரத் துடிப்பை ஒரு வயர் வழியாகச் செத்த சிப்பின் காலுக்குக் கொடுத்தார்.

கம்ப்யூட்டர் கூப்பிட்டது. சிப் பதில் சொன்னது.

"சாகலண்ணே. நீங்க சொன்ன பேச்சைக் கேட்டு, வெளிய இருந்து தாளம் வரும்னு காத்துக்கிட்டு இருந்துச்சு."

செல்லாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாவாயிக்குப் போன் செய்தார். என்ன நடந்தது என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குள் ஜமீலா சிப்பை உள் கடிகாரத்துக்கே மாற்றி எழுதிவிட்டார். முட்டை திருப்பும் மோட்டார் மெல்லத் திரும்பி நின்றது.

போர்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர் வாசலில் தயங்கினார். ஆசை விடவில்லை.

"உள் கடிகாரம் கொஞ்சம் முன்னப்பின்ன ஓடுமாமுங்க. கிரிஸ்டல் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா நொடி தவறாம திருப்புமுல்லீங்களா?"

ஜமீலா சிரித்தார்.

"அடைகாக்கற கோழி எந்தக் கடிகாரத்தைப் பாத்துண்ணே முட்டையைத் திருப்புது?"