லிங்க் திறந்த வீடு

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வடிவுக்கரசிக்கு எப்போதும் பயம். கேட்கிறவர்கள் சாப்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அபுதாகிரின் வேலை போகவிருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

நாகர்கோவிலில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன கம்பெனி அது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட வடிவுக்கரசிக்கு அங்கே ஹாஸ்கல் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொடுத்தவள் பெனிலா. வயதில் இவள் மகளைப் போன்றவள். ஆனாலும் வடிவுக்கரசி அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவாள்.

நிரலில் ஒரு பெயரின் மேல் மவுஸை வைத்தால் சின்னப் பெட்டி ஒன்று விரியும். அந்தப் பெயர் எதை வாங்கி எதைத் தரும் என்று அதில் இருக்கும். அதன் கீழே, விளக்க ஆவணத்துக்குப் போகும் லிங்க் ஒன்றை வைத்தவள் வடிவுக்கரசி. அது அவளுடைய பெருமை.

அந்த லிங்க்கைத் தொட்டு, படித்து, குழந்தைகளின் மருந்துக் கணக்கை எழுதினான் கூட வேலை பார்க்கும் அபுதாகிர். எடையைக் கிராமில் கொடுக்கச் சொன்னது பக்கம். கிராமில் கொடுத்தான். அந்தப் பக்கம் புதுப் பதிப்புக்கானது; இவர்கள் வைத்திருந்ததோ அந்த ஆயத்த நிரல் தொகுப்பின் பழைய பதிப்பு. அதற்குக் கிலோதான் வேண்டும். எண் வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால், அதாவது டைப் பொருந்தாவிட்டால், ஹாஸ்கல் ஊரைக் கூட்டும். இரண்டும் எண்தானே, அது வாயே திறக்கவில்லை.

நல்லவேளை, சோதனையிலேயே நர்ஸ் ஒருத்தி பிடித்துவிட்டாள். அபுதாகிரைச் சாயங்காலத்துக்குள் வேலையை விட்டு அனுப்பச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

"அக்காவோட லிங்க்தானே அப்படிச் சொல்லிச்சு?" என்றான் அவன்.

வடிவுக்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் பெனிலாவிடம் போனாள்.

"மேடம், அவன் பண்ணின கூத்துக்கு என் தலையா? லிங்க் உடைஞ்சிருக்கா? தொட்டா திறக்குது. திறந்தா பக்கம் வருது. அந்தப் பக்கத்துல பொய் இருக்கா? இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?"

பெனிலா நிமிரவில்லை. "மத்தியானம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்கக்கா. லொக்கேஷன் அனுப்புறேன். அங்க பேசலாம்."

வெயிலில் ஆட்டோ பிடித்து, ஒரு சீப்பு பழத்தோடு போய் இறங்கினாள். வாசலில் பந்தல். குழந்தைக்குக் காதுகுத்து. பெனிலா எங்கே என்று கேட்டாள்.

"எல்லாரும் வருவாங்க. இலை போட்டாச்சு, உக்காருங்க முதல்ல" என்று ஒரு அம்மாள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மேடம் வீட்டு விசேஷம் என்று நினைத்து நிறைவாகச் சாப்பிட்டாள். பாயசம் இரண்டாம் தடவையும் வாங்கினாள். கை கழுவும்போதுதான் பக்கத்தில் நின்றவள் சொன்னாள்: "பெனிலாவா? அவங்க காலி பண்ணிட்டுப் போய் ஒரு வருஷமாச்சே. இது இப்ப எங்க வீடு."

ஆபீஸுக்குத் திரும்பிய வடிவுக்கரசி பெனிலாவின் மேஜை முன் போய் நின்றாள்.

"என்ன மேடம் இது? இந்த வயசுல என்னை யார் வீட்டுப் பந்தியிலயோ உக்கார வச்சிட்டீங்களே! மானம் போச்சு!"

"நான் அனுப்பின லொக்கேஷன் திறந்ததா?"

"திறந்துச்சு!"

"வீடு இருந்ததா?"

"இருந்துச்சு! இருந்தது வேற ஆளுங்க!"

"சாப்பாடு எப்படி?"

"சாப்பாட்டுக்கு என்ன குறை? நல்லாத்தான் இருந்தது!"

"அபுதாகிருக்கும் அந்தப் பக்கம் நல்லாத்தான் இருந்ததுக்கா."

வடிவுக்கரசிக்குக் கோபம் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிறகு மேனேஜர் அறைக்குப் போனாள். உள்ளே சத்தம் கேட்டது. பெரும்பாலும் அவள் சத்தம்தான். வெளியே வந்து, "போய் உன் இடத்துல உக்காருடா" என்று அபுதாகிரிடம் எரிந்து விழுந்தாள்.

அன்றே, மவுஸை வைத்தால் விரியும் அந்தப் பெட்டியை மாற்றினாள். நிரலில் இருக்கும் அதே பதிப்பின் ஆவணம் கிடைத்தால்தான் லிங்க் வரும். கிடைக்காத இடத்தில் லிங்க் கிடையாது. 'இந்தப் பதிப்புக்கு ஆவணம் இல்லை' என்று ஒரு வரி மட்டும் வைத்தாள்.