ஆலமரத்துக்குள்ள ராசாவோட கிளி

ரொம்பக் காலத்துக்கு முன்னால, மழை தப்பாம பெஞ்ச நாள்ல, கொன்றைநாட்டைக் கோமாறன்னு ஒரு ராசா ஆண்டாரு. நல்ல மனுசன்தான். ஆனா காலையில ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. அவரு உசிரே ஒரு பச்சைக்கிளி மேலதான். அதை வளர்த்தவ அரண்மனை வேலைக்காரி செங்கமலம்.

ஒருநாள் கூண்டுக் கதவு தொறந்து கெடந்துச்சு. கிளி பறந்துபோய், அரண்மனைக்கு எதிர்த்தாப்புல பழுத்து நின்ன ஆலமரத்துல ஒக்காந்துக்கிச்சு. அங்க ஏற்கெனவே நூத்துக்கணக்குல காட்டுக்கிளி. பச்சை எலைக்குள்ள பச்சை றெக்கை, செவப்புப் பழத்துக்கு நடுவுல செவப்பு மூக்கு. எங்கேன்னு தேட?

"பொழுது சாயறதுக்குள்ள கிளி வரலேன்னா, செங்கமலம் நாட்டை விட்டுப் போகணும்!"னுட்டாரு ராசா.

மந்திரி சேந்தன் வாயத் தொறக்கறதுக்குள்ள தண்டநாயகர் வீரசிங்கம் முந்திக்கிட்டாரு. மந்திரி மேல அவருக்கு அம்புட்டுப் பொறாமை. "நான் புடிச்சுத் தாரேன் மகாராசா! இனிமே அதை என் மச்சினன் வளர்க்கட்டும். டேய், சத்தம் கேட்டா பறந்துரும், ஒருத்தனும் இருமக்கூடாது!"

ஊரே அண்ணாந்து பார்த்துச்சு. பார்க்கப் பார்க்க எல்லா எலைக்கும் மூக்கு மொளைச்சுது. "அந்தா!"ம்பான் ஒருத்தன், அது எலை. "இந்தா!"ம்பான் இன்னொருத்தன், அது பழம். ராசாவே ஒரு எலையைப் பார்த்து, "என் கண்ணு, எறங்கி வா"ன்னு கெஞ்சினாரு. எங்க சித்தி ஒருத்தி இப்படித்தான், மூக்குத்திக் கல்லைத் தொலைச்சுட்டு, குருணையில மின்னுனதையெல்லாம் பொறுக்கி மடியில கட்டிக்கிட்டா. அவுத்துப் பார்த்தா அத்தனையும் குருணை! அது கெடக்கட்டும்.

செங்கமலத்துக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து ஒடிஞ்சுபோச்சு, கண்ணு தளும்பிருச்சு. மந்திரி மெல்லக் கிட்ட வந்தாரு.

"ஏம்மா, கூண்டு எங்க தொங்கும்?"

"முரசு மண்டபத்துலங்க சாமி. நெதம் முரசு அடிச்சாத்தான் அது கண்ணே முழிக்கும்."

"கொண்டாங்கடா முரசை!"

"ஐயையோ, எல்லாம் பறந்துரும்!"னு குதிச்சாரு வீரசிங்கம்.

"பறக்கட்டும்யா. வேண்டாதது போனாத்தானே வேண்டியது தெரியும்?"

டமடமன்னு அடிச்சாங்க. மரமே எந்திரிச்சுப் போறாப்புல பச்சை மேகம் ஒண்ணு கெளம்பிப் போச்சு. ஒரே ஒரு கிளி மட்டும், இப்பத்தான் விடிஞ்சுதுங்கற மாதிரி றெக்கையை நீட்டிச் சோம்பல் முறிச்சுது.

"வா ராசாத்தி!"ன்னு கோமாறன் கைய நீட்டினாரு. அது அவரைத் தாண்டி, அத்தனை தலைக்கு நடுவுல நின்ன செங்கமலத்தோட தோள்ல போய் ஒக்காந்து, காதைச் செல்லமா கடிச்சுது.

ராசா மொகம் சுண்டிப்போச்சு. அப்புறம் சிரிச்சுட்டாரு. "அடிக் கள்ளி! இத்தனை பேரு ஒன்னைத் தேடித் தோத்தோம். நீ இவளை ஒரே பார்வையில புடிச்சுட்டியே!" தன் முத்துமாலையைக் கழத்தி மந்திரி கழுத்துல போட்டாரு.

"மகாராசா, என் மச்சினன்..."னு இழுத்தாரு வீரசிங்கம்.

"அவனை வவ்வா மேய்க்கச் சொல்லும்யா! செங்கமலம் எங்கேயும் போகல. அவ போனா இந்தக் கள்ளியும் போயிருவா. அப்புறம் நானும்ல மூட்டையக் கட்டிக்கிட்டுப் பின்னாடியே போகணும்?"