கொம்பையாவின் மாப்பிள்ளைப் படம்

ஞானதிரவியம் படம் எடுக்கிற விதமே தனி. வந்தவர்களை உடனே விளக்குக்கு முன்னால் நிறுத்த மாட்டார். சுக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பார். மாடு கன்று, மழை தண்ணி என்று பேச்சுக் கொடுப்பார். மெல்ல மெல்ல விறைப்பு கழன்று ஆள் தன்னை மறந்து சிரிக்கிற நேரம் பார்த்து ‘டிக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். இந்த விதத்தில் அவருக்கு அசையாத நம்பிக்கை இருந்தது, வாகைக்குழி அண்ணன் தம்பிகள் அவர் போட்டோக் கடைப் படியேறும் வரைக்கும்.

மூன்று பேர் வந்தார்கள். மூத்தவன் கொம்பையாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் படம் கேட்டிருந்தார்கள். வயது நாற்பதை நெருங்குகிறது. வந்த இடமெல்லாம் தட்டிப் போய்விட்டது. மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகாமல் தம்பிகளுக்குப் பேச்செடுக்க முடியாது. இதுவும் கைநழுவினால் மூவரும் ஒருவருக்கொருவர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தே கிழவராக வேண்டியதுதான்.

“கூச்சப்படாதீங்க. வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க” என்றார் ஞானதிரவியம்.

கொம்பையா தம்பிகளைப் பார்த்தான். தம்பிகள் தலையாட்டினார்கள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துண்டை விரித்துத் தரையில் படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

“இந்நேரத்துக்கு வீட்டுல அண்ணன் தூங்கத்தான் செய்வான்” என்று விளக்கினான் நடுவுள்ள வெள்ளப்பாண்டி.

ஞானதிரவியம் கோபப்படவில்லை. எடுக்கிறவர் கோபப்பட்டால் அது படத்தில் விழும் என்பது அவர் கொள்கை. எழுப்பி, சட்டையை மாட்டிவிட்டு, ஸ்டூலில் உட்கார வைத்தார்.

“இங்க கேமரான்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துருங்க.”

மூவரும் ஆழ்ந்த யோசனையில் இறங்கினார்கள்.

“மறந்தாச்சா அண்ணே?” என்று கேட்டான் கடைசித் தம்பி மாடக்கண்ணு.

“மறக்கலாம்னு பாத்தா, எதை மறக்கணும்கிறது ஞாபகம் வந்துருதுடே.”

“எதை மறக்கணும்னு எங்கிட்டச் சொல்லிட்டு நீ மறந்துரு. நான் ஞாபகம் வச்சுக்கிடுதேன்.”

“அது நல்ல யோசனை. கேமராவை.”

“சரி. இப்ப மறந்துட்டியா?”

“எதை?”

“கேமராவை.”

கொம்பையா வருத்தத்தோடு தம்பியைப் பார்த்தான். “இப்பதாண்டே மறந்திருந்தேன்.”

“அதை விடுங்க. எழுந்து கொஞ்சம் பின்னால போங்க” என்று சொல்லிவிட்டு விளக்கைத் திருப்பினார் ஞானதிரவியம். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். பின்கதவு திறந்து கிடந்தது.

“எங்க அவர்?”

“பின்னாலதான் போறான். நீங்க இன்னும் போதும்னு சொல்லலையே” என்றான் வெள்ளப்பாண்டி.

ஞானதிரவியம் ஓடினார். காய்கறிக் கடைகளைத் தாண்டி, தன் முதுகில் இடிபட்டவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டபடி, கொம்பையா பின்பக்கமாகவே நடந்து பஸ் நிலையத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தான். “போதும்” என்று கத்திய பிறகுதான் நின்றான்.

திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்ததும் ஞானதிரவியத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எதற்கென்று தெரியாவிட்டாலும் பெரியவர் ஒருவர் தனியாகச் சிரிப்பது முறையில்லை என்று கொம்பையாவும் சேர்ந்துகொண்டான். டிக். இடுப்பு வரைக்கும் விழுந்த அந்தப் படத்தில் அவன் முகம் அவ்வளவு வெள்ளந்தியாக, அவ்வளவு பிரியமாக இருந்தது. தன் விதம் தோற்கவில்லை என்று ஞானதிரவியத்துக்கு நெஞ்சு நிறைந்தது.

அடுத்த வாரமே பெண் வீட்டிலிருந்து பதில் வந்தது. “படத்துல இருக்கற மாதிரியே மாப்பிள்ளை இருந்தா எங்களுக்குச் சம்மதம். நேர்ல வாங்க.”

தம்பிகள் கலங்கிப்போய்க் கடைக்கு வந்தார்கள். “படத்துல அண்ணனுக்குக் காலே இல்லையே. நீங்கதான் கூட வந்து எடுத்துச் சொல்லணும்.”

சொல்லிப் பார்த்துச் சலித்த ஞானதிரவியம் வருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் புறப்படுகிற அன்று காலை வந்து நின்ற லோடு ஆட்டோவில், நீல நிறத் தண்ணீர் டிரம்முக்குள் இடுப்பு வரை இறங்கி நின்றிருந்தான் கொம்பையா. முகத்தில் அதே சிரிப்பு. விடிந்ததிலிருந்து அப்படியே வைத்திருக்கிறானாம். இறங்கச் சொன்னதற்கு மூவரும் மறுத்துவிட்டார்கள்.

இந்தச் சம்பந்தம் இன்றோடு முடிந்தது என்று நினைத்தபடியே ஞானதிரவியம் பெண் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடத்தில் இறக்கி வைத்த டிரம்மைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

“அச்சு அசல்” என்றார் திருப்தியாக.

பிறகு அவர் முகம் சுருங்கியது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க இவ்வளவு நேர்மையா நடந்துக்கிடும்போது நாங்க மறைக்கக் கூடாது. உங்களுக்கு அனுப்பின படத்தைவிடப் பொண்ணு கொஞ்சம் பெருசா இருப்பா.”

வெள்ளப்பாண்டி சட்டைப் பையிலிருந்து பெண்ணின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்தான். தம்பிகள் டிரம்மருகே போக, மூன்று தலைகளும் கூடி வெகுநேரம் குசுகுசுத்தன.

“எவ்வளவு பெருசு?” என்று கேட்டான் மாடக்கண்ணு.

“கதவுல நுழையற அளவுதான்.”

கொம்பையா பெருமூச்சு விட்டான். “கல்யாணம் முடிஞ்சதும் சட்டைப் பையில வச்சுக் கூட்டிட்டுப் போயிரலாம்னு நெனச்சிருந்தோம். பரவாயில்ல மாமா. பஸ்ல கூட ஒரு டிக்கெட் எடுத்தாப் போச்சு.”