வலிக்காத கால்

பொட்டப்பாறை மடத்தின் தலைவி வடிவுடையம்மை வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவர் நடந்த பாதையில் ரத்தம் சொட்டியிருந்தது.

பின்னால் வந்த காளத்திநாதன்தான் அதை முதலில் பார்த்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். அம்மையைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவருக்குச் சீடர்.

“நில்லுங்க அம்மை. கால்ல ஏதோ குத்தியிருக்கு.”

அம்மை பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். துருப்பிடித்த ஆணி ஒன்று பாதி ஏறியிருந்தது.

“எனக்குத் தெரியலையே அண்ணாச்சி,” என்றார்.

காளத்திநாதன் கைகூப்பினார். “அம்மை உடம்பைக் கடந்துட்டாங்க,” என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சு பக்கத்து ஊர்களுக்கும் போய்விட்டது. பாதத்தைத் தொட்டுக் கும்பிட வந்த கூட்டம் பெருகியது. வந்தவர்கள் சர்க்கரைப் பொங்கலும் அதிரசமும் கொண்டுவந்தார்கள். யார் மனமும் நோகக் கூடாது என்று எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டார் அம்மை.

புண் ஆறவில்லை. கட்டைவிரல் கறுத்தது. பிறகு வாடை வர ஆரம்பித்தது. சாம்பிராணி போட்டு மறைத்துப் பார்த்தார்கள். ஒருநாள் காய்ச்சலில் அம்மை சுருண்டு விழவும், தென்காசிக்குக் கொண்டு போனார்கள்.

டாக்டர் செம்மலர் சின்ன வயதுக்காரர். “கண்ணை மூடிக்கங்கம்மா. நான் உங்க காலைத் தொடும்போது சொல்லுங்க.”

அம்மை கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் போனது.

“எப்பம்மா தொடப் போறீங்க?” என்று கேட்டார்.

“பாதம் முழுக்கத் தொட்டு முடிச்சிட்டேன்,” என்றார் டாக்டர்.

அம்மை கண்ணைத் திறந்தார்.

“ரொம்ப வருஷமா சர்க்கரை இருந்திருக்கு. நரம்பு செத்துப்போச்சு. அதான் ஆணி குத்தினதுகூடத் தெரியலை. இப்ப அழுகல் மேலே ஏறிட்டிருக்கு. முழங்காலுக்குக் கீழே எடுத்தாகணும். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து.”

டாக்டர் வெளியே போனதும் காளத்திநாதன் கட்டிலருகே வந்து நின்றார்.

“வேண்டாம் அம்மை. அங்கம் குறைஞ்சவங்க பீடத்துல உட்காரக் கூடாதுன்னு மடத்து விதி இருக்கு. நாட்டு மருந்து பார்ப்போம். எண்ணெய் போடுவோம்.”

“எண்ணெய் போட்டுச் செத்த நரம்பு எழுந்திருக்குமா?”

காளத்திநாதன் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினார்.

“சரி, நான் செத்துப்போனா?”

காளத்திநாதன் தலையைக் குனிந்துகொண்டார். “சமாதி வைப்போம். குறையில்லாத உடம்புன்னு ஊர் கும்பிடும்.”

“ஆக, நான் முழுசாச் சாகணும். அப்படித்தானே?”

“நான் அப்படிச் சொல்லலை அம்மை.”

“பீடம் உட்காரத்தானே அண்ணாச்சி இருக்கு? நான் எந்தக் காலால உட்காருதேன், சொல்லுங்க பார்ப்போம்.”

மறுநாள் காலை சம்மதக் கையெழுத்தைத் தானே போட்டார். அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப் போகுமுன் அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அதைத் தடவியபடி வெகுநேரம் அழுதார். அவர் அழுது காளத்திநாதன் பார்த்ததில்லை. அவருக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

எடுத்த காலை மடத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்து மேலே கல் நட வேண்டுமென்று நாலைந்து பேர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து காத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அம்மை டாக்டரிடம் சொன்னது ஒன்றுதான். “அதை எரிச்சிடுங்க. யார் கையிலயும் கொடுக்காதீங்க.”

ஆடிப் பௌர்ணமி பாத பூஜைக்கு அவர் ஊன்றுகோலோடு மடத்துக்குத் திரும்பினார். மண்டபம் நிறைந்திருந்தது. காளத்திநாதன் முன்னேற்பாடு எல்லாம் செய்து வைத்திருந்தார். பீடத்தில் உட்கார்ந்த அம்மையின் மடிமேல் தரைவரைக்கும் பட்டுத்துணியைப் போர்த்திவிட்டு, முன்னால் ஒரு ஜோடி வெள்ளிப் பாதுகைகளை வைத்தார்.

“இன்னைக்குப் பாதுகைக்குப் பூஜை பண்ணுவாங்க. யாருக்கும் எதுவும் தெரியாது,” என்று காதருகே சொன்னார்.

அம்மை பட்டுத்துணியை உருவிக் கீழே போட்டார். கட்டுப் போட்ட குறைக்காலை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்குச் சர்க்கரை வியாதி,” என்றார் அம்மை. “அதுல என் கால் செத்துப்போச்சு. செத்த கால்ல ஆணி ஏறினா வலிக்காது. நீங்க அதைத் தவம்னீங்க. கேட்க நல்லா இருந்துச்சு, நானும் சும்மா இருந்துட்டேன். இப்ப அந்தக் கால் இல்லை. இல்லாத கால் தினமும் வலிக்குது. இருந்தப்ப ஒருநாளும் வலிக்கலை.”

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையில் சிலர் எழுந்து, கொண்டுவந்த பூத்தட்டோடு வெளியேறினார்கள். “விதிப்படி இவங்க இறங்கணும்,” என்று யாரோ சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

“இறங்குதேன்,” என்றார் அம்மை.

ஊன்றுகோலைப் பிடித்துப் பீடத்தைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். பூஜைக்கு வைத்திருந்த தாம்பாளத்தையும் தண்ணீர்க் குடத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, வந்து உட்காருங்க. காலை நீட்டுங்க.”

காளத்திநாதன் பின்வாங்கினார். “என்ன அம்மை இது. குரு என் காலைத் தொடுறதா? எனக்குப் பாவம் வரும்.”

“உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?”

“தெரியாது. பார்த்ததில்லை.”

“நானும் பார்க்காமத்தான் இருந்தேன். நீட்டுங்க.”

கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்து காலை நீட்டினார். அம்மை தண்ணீர் ஊற்றிக் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்த்தார். குதிகாலின் வெடிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

காளத்திநாதனின் கண் நிறைந்திருந்தது.

“ஊரு கும்பிட்ட பாதத்தை எரிக்கச் சொல்லிட்டீங்க. பீடத்தைவிட்டும் இறங்கிட்டீங்க. இனி நாங்க எதைத்தான் அம்மை கும்பிடுறது?”

அம்மை ஈர்க்கின் முனையை அவர் உள்ளங்காலில் வைத்து அழுத்தினார்.

அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“வலிக்குதா?”

“வலிக்குது அம்மை.”

“நல்லது,” என்றார் அம்மை. “அடுத்த காலை நீட்டுங்க.”